டி.பி. போட்ட வரி

“அனுப்பின பைலும் திரும்பி வந்த பைலும் ஒண்ணுதானான்னு நீ பார்த்தியாம்மா?”

விசாரணை அதிகாரி ஜெபராஜ் என்னிடம் இப்படிக் கேட்டது ஒரு செவ்வாய்க்கிழமை காலையில். “பார்த்தேன் சார்” என்றேன். அவர் அதைத் தாளில் எழுதினார். நிதானமாக எழுதுகிற மனிதர். அவர் எழுதி முடிப்பதற்குள் நான் மாற்றிச் சொல்லியிருக்கலாம். சொல்லாமல் அவருடைய பேனா மூடியையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

“வித்தியாசம் இருந்துச்சா?”

“ஒரு வரி மாறியிருந்துச்சு சார்.”

“யார் மாத்தினது?”

“வரிக்குக் கடைசில டி.பி.ன்னு இருந்துச்சு.”

“டி.பி.ன்னா?”

“தண்டபாணி அண்ணன்.”

அதையும் எழுதினார். என்னிடம் கையெழுத்து வாங்கிக்கொண்டு, “பயப்படாதம்மா, உன் மேல ஒண்ணும் இல்ல” என்று சொல்லிவிட்டுப் போனார்.

என் வேலை பைல் அனுப்புவது. கோவை கணபதியில் ஒரு பிளைவுட் கடையின் மாடியில் அறை. ஒரு கணினி, ஒரு மின்விசிறி, ஒரு நாற்காலி. முதலாளி மனோகரி மேடத்துக்கு ஊரைச் சுற்றி ஐந்து பட்டறைகள்; அவற்றில் மொத்தம் பதினெட்டு சி.என்.சி. லேத்துகள், கணினி சொல்படி ஓடும் கடைசல் இயந்திரங்கள். இரும்பை எந்த இடத்தில் எவ்வளவு ஆழம் கடைய வேண்டும் என்று வரி வரியாகச் சொல்லும் புரோகிராமை நான் இங்கிருந்து அனுப்புவேன். அது இருபது கிலோமீட்டர் தள்ளி ஒரு இயந்திரத்துக்குள் போய் இறங்கும். வேலை முடிந்ததும் அதே பைல் திரும்பி வரும். நடுவில் யாராவது திருத்தியிருந்தால் அந்த வரி என் திரையில் மஞ்சளாகத் தெரியும். இடது பக்கம் அனுப்பியது, வலது பக்கம் வந்தது. இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்து ‘ஏற்பு’ அல்லது ‘மறுப்பு’ அழுத்த வேண்டும். ஏற்றுவிட்டால் அடுத்த முறை அந்தத் திருத்தத்தோடுதான் பைல் போகும்.

பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்ட எனக்கு இது பெரிய வேலை. யார் முகத்தையும் பார்த்துப் பேச வேண்டியதில்லை என்பது அதைவிடப் பெரிய விஷயம். பாதிப் பேருக்கு என் பெயர் ரோகிணி என்றுகூடத் தெரியாது. “மேல்மாடிங்களா? அந்த வால்வு பைலத் தாட்டி உடுங்க” என்பார்கள். நான் அனுப்பிவிடுவேன். அவ்வளவுதான் பேச்சு.

திருத்திய வரியின் கடைசியில் தன் பெயரின் இரண்டு எழுத்தைப் போடுவது பட்டறைக்காரர்களின் வழக்கம். ஒரு ஷிப்டில் ஒருவர் திருத்தியதை அடுத்த ஷிப்டில் இன்னொருவர் அழித்துவிட்டு, உருப்படி கெட்டுப்போனபின் நீயா நானா என்று சண்டை போட்ட காலத்தில் அவர்களாகவே ஏற்படுத்திக்கொண்டது. பிறகு அரசாங்கம் அதையே சட்டமாக்கியது. மனித உடம்போடு சேரும் எந்தப் பொருளானாலும், அதன் புரோகிராமில் செய்யும் ஒவ்வொரு திருத்தத்துக்கும் ஒரு மனிதரின் எழுத்து இருக்க வேண்டும். தவறு நேர்ந்தால் அந்த எழுத்துக்கு உரியவர் பொறுப்பு. அவருடைய உரிம அட்டை பறிபோகும். அதன்பின் ஆயுளுக்கும் அவர் எந்த இயந்திரத்தின் மேலும் கை வைக்க முடியாது.

இப்போது தவறு நேர்ந்திருந்தது. உடுமலையில் அருள்செல்வி என்று ஒரு ஓவிய ஆசிரியை. ஒரு கால் செயற்கைக் கால். பள்ளிக்கூடத்து மாடிப்படியில் இறங்கும்போது, முழங்கால் மூட்டுக்குள் இருந்த விரல் நீள அச்சாணி இரண்டாக முறிந்துவிட்டது. கீழே வரை உருண்டிருக்கிறார். இடுப்பெலும்பு நொறுங்கிவிட்டது. இனி நிற்பாரா என்று மருத்துவர்களுக்குத் தெரியவில்லை.

அந்த அச்சாணி தண்டபாணி அண்ணன் வேலை பார்க்கும் சின்னியம்பாளையம் பட்டறையில் கடைந்தது. அதில் ஒரு சின்னப் பள்ளம் உண்டு. பள்ளத்தின் மூலை லேசாக வளைந்திருக்க வேண்டும். முறிந்த அச்சாணியில் மூலை கத்திமுனை மாதிரி இருந்தது. வளைவைக் கடையும் வரியை எடுத்துவிட்டு, நேராக வெட்டும்படி ஒரு திருத்தம். அதனால் ஒரு அச்சாணிக்கு ஒன்பது விநாடி மிச்சம். நீளம், விட்டம் எல்லாம் சரியாக இருந்ததால் பரிசோதனையில் தப்பிவிட்டது. அளக்கும் ஊசி அந்தப் பள்ளத்துக்குள் போகாது.

அதிகாரி போன அன்று மத்தியானமே தண்டபாணி அண்ணன் போன் செய்தார்.

“அம்மிணி, அந்த வரிய நான் எழுதுல.”

நான் போனைக் காதோடு அழுத்திக்கொண்டேன்.

“இருவது வருசத்துல ஒருக்காக்கூட பள்ளத்து மூலையக் கூரா உட்டதில்ல. துணியக் கிழிக்கோணும்னா ஓரத்துல சின்னதா ஒரு வெட்டுப் போட்டுட்டு இழுக்கறோமல்ல, அந்த மாதிரி. கூரா இருந்தா வெடிப்பு அங்கிருந்துதான் கிளம்பும். லேத்துக்கு வந்த மொத வாரத்துல தெரியற சமாச்சாரம் இது.”

“அவர்கிட்டச் சொன்னீங்களாண்ணா?”

“சொல்லாம? அந்த வரி மாறுன அன்னிக்கு நான் பவானில ஒரு கண்ணாலத்துல பந்தி பரிமாறிட்டு இருந்தனுங்கன்னு சொன்னேன். இப்பத்தான் போன்லயே திருத்தலாமே, எங்கிருந்தா என்னங்கறாரு. ஒரு கையில ரசவாளி, ஒரு கையில கரண்டி, மூணாவது கையில திருத்துனனுங்களான்னு கேட்டேன். சிரிக்கிறாரு. சிரிச்சுட்டே எழுதிக்கிறாரு.”

அவரும் சிரித்தார். அந்தச் சிரிப்பு நடுவிலேயே நின்றுபோனது.

“நீ பாத்துட்டுத்தான் ஏத்துக்கிட்டேன்னு சொன்னாங்க. அப்ப உனக்கு ஒண்ணும் தோணுலியா?”

“தெரியலீங்ணா.”

“செரி உடு. உன்னயச் சொல்லி என்ன ஆகப் போகுது. மூலை வளைவு எதுக்குன்னு உனக்கு ஆரு சொல்லிக் குடுத்தா. வெள்ளிக்கிழமை அட்டையக் கொண்டாரச் சொல்லியிருக்காங்க. அதுக்குள்ள என்னமோ ஒரு வழி கெடைக்கும்.”

போனை வைத்தேன். நான் அந்த வரியைப் பார்க்கவே இல்லை. அதுதான் உண்மை. டி.பி. என்று கடைசியில் இருந்தால் நான் எதையுமே பார்ப்பதில்லை.

அதற்கு ஒரு காரணம் உண்டு. வேலைக்குச் சேர்ந்த மூன்றாவது நாள், ஒரு இயந்திரத்துக்குப் போக வேண்டிய பைலை இன்னொன்றுக்கு அனுப்பிவிட்டேன். அதில் கெட்டியான கம்பி மாட்டியிருந்தது. ஓடியிருந்தால் வெட்டும் உளி நேராகக் கம்பியில் மோதிச் சிதறியிருக்கும். நிற்கிறவர் முகத்தில்கூட அடித்திருக்கும். நின்றவர் தண்டபாணி அண்ணன். புது பைல் வந்தால் முதல் உருப்படியை ஒவ்வொரு வரியாக நிறுத்தி நிறுத்தி ஓட்டுவார், சிவப்புப் பொத்தானில் விரலை வைத்துக்கொண்டு. அன்றைக்கும் அப்படித்தான் நிறுத்தியிருக்கிறார். போனில், “அம்மிணி, இது நம்ம மெஷினுக்கு வந்த மாப்பிள்ளை இல்ல போல இருக்கு. வேற ஆளத் தாட்டி உடு” என்றார். மேடத்திடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அந்த வேலை போயிருந்தால் வீட்டில் என்னைக் கட்டிக்கொடுத்திருப்பார்கள். அதற்குப் பிறகு அவர் திருத்தி அனுப்புவதைப் பார்த்துச் சரிபார்க்க எனக்கே கூச்சமாக இருந்தது. அவரை நான் சோதிப்பதா என்று நினைத்தேன்.

அன்று சாயங்காலம் வரை பழைய பைல்களைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவருடைய எழுத்து, அவர் எழுதாத வரி. எப்படி என்று தெரிந்தாக வேண்டும். அதிகாரி சின்னியம்பாளையத்துப் பைலை மட்டும்தான் கேட்டிருந்தார். நான் மற்ற நான்கு பட்டறைகளையும் திறந்தேன்.

மே பத்தொன்பது, காலை பதினொன்று நாற்பத்திரண்டு. ஐந்து பட்டறைகளிலும் அச்சாணிப் பைலில் அதே வரி மாறியிருந்தது. அதே திருத்தம். ஐந்திலும் டி.பி. ஒரே விநாடியில்.

எந்த மனிதராலும் அது முடியாது. எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அண்ணன் தப்பித்துவிட்டார் என்று எழுந்தே நின்றுவிட்டேன். பிறகுதான் மீதி உறைத்தது. சின்னியம்பாளையத்தில் கடைந்த நூற்று நாற்பது அச்சாணிகளைத்தான் திரும்பப் பெறச் சொல்லியிருக்கிறார்கள். மற்ற நான்கு பட்டறைகளில் கடைந்தது ஐநூற்று நாற்பது. அவை இந்த நிமிடமும் யாரோ ஒருவரின் முழங்காலுக்குள் இருக்கின்றன.

மறுநாள் காலை மனோகரி மேடம் வந்ததும் காட்டினேன். கைப்பையைத் தோளிலிருந்து இறக்காமலே திரையைப் பார்த்தார்.

“துணைக்கை” என்றார்.

துணைக்கை என்பது இரண்டு வருடத்துக்கு முன் சர்வரில் போட்ட ஒரு மென்பொருள். ஆபரேட்டர்கள் செய்கிற திருத்தங்களைப் பார்த்துக் கற்றுக்கொண்டு, நேரம் மிச்சமாகும் இடங்களில் அதுவே சின்னத் திருத்தங்களை அனுப்பும்.

“அது எழுத்தெல்லாம் போடுமாங்க மேடம்?”

“போடக் கூடாது. ஆனா இந்தச் சட்டம் வந்த புதுசுல அது அனுப்புனதெல்லாம் எழுத்தில்லாம வந்து மறுத்துக்கிட்டே இருந்தயல்ல? நெனவிருக்குதா? ஒரு மாசங்கழிச்சு அது தானா நின்னு போச்சு. செரி, கத்துக்கிச்சாட்ட இருக்குதுன்னு உட்டுட்டேன்.” நாற்காலியின் கையைப் பிடித்துக்கொண்டார். “ஏத்துக்கிட்ட வரியெல்லாம் எப்படி இருக்குதுன்னு பாத்திருக்குது. கடைசில ரெண்டு எழுத்து இருக்குது. அதுக்கு அது பேருன்னா தெரியும்? அதையும் சேத்தி எழுதிப்போட்டுது.”

“அப்ப அண்ணன் மேல தப்பில்லைன்னு சொல்லிடலாமுங்க.”

மேடம் கைப்பையை மேசையில் இறக்கி வைத்தார். அவர் கெட்டவர் இல்லை. தீபாவளிக்கு எல்லோர் வீட்டுக்கும் நேரில் வருகிறவர்.

“சொல்லிட்டா பதினெட்டு மெஷினுக்கும் சீல் வெப்பாங்க ரோகிணி. அறுவது குடும்பம். எத்தனை மாசம்னு ஆருக்குத் தெரியும். தண்டபாணிய நான் கைவிட மாட்டேன். அட்டை போனா ஸ்டோர்ல உக்காரட்டும், அதே சம்பளம் தர்றேன்.”

“ஐநூத்தி நாப்பது அச்சாணி இருக்குதுங்க மேடம்.”

“எல்லாமே முறிஞ்சு போயிரும்னு இல்லையே.”

சொல்லிவிட்டு அவரே உட்கார்ந்துவிட்டார். இரண்டு நாள் பொறு, நான் யோசிக்கிறேன் என்றார்.

அந்த இரண்டு நாளும் எப்படிப் போயின என்று சொல்லத் தெரியவில்லை. தெருவில் யார் நடந்தாலும் காலைத்தான் பார்த்தேன். வியாழக்கிழமை பஸ்ஸில் ஒருவர் ஏறினார். வேட்டிக்குக் கீழே ஒரு பாதம் மட்டும் வழவழவென்று நிறம் மாறி இருந்தது. காந்திபுரத்தில் அவர் இறங்கியபோது நானும் இறங்கினேன். என்னுடைய நிறுத்தம் அது இல்லை. அவர் நடைமேம்பாலத்தின் படிகளில் ஏறி, அந்தப் பக்கம் இறங்கும்வரை பின்னாலேயே போனேன். விழுந்தால் என்ன செய்திருப்பேன் என்று தெரியவில்லை. கடைசிப் படியில் அவர் திரும்பி, “என்னம்மா, வழி கேக்கோணுமா?” என்றார். தலையை ஆட்டிவிட்டு வந்த வழியே ஓடினேன்.

அவருடைய காலுக்குள் இருந்தது எங்கள் அச்சாணிதானா என்பதுகூட எனக்குத் தெரியாது.

அன்று பகலில் இன்னொன்றையும் பார்த்தேன். எங்களிடம் பதினான்கு ஆபரேட்டர்கள். துணைக்கை ஆரம்பத்தில் எல்லோருடைய எழுத்துகளையும் மாற்றி மாற்றிப் போட்டிருக்கிறது. பிறகு கொஞ்சம் கொஞ்சமாக மற்றவை குறைந்து, கடைசி நான்கு மாதமாக டி.பி. மட்டும்தான். ஒரு நாளைக்கு நூற்று முப்பது. ஏன் என்று சர்வரில் இருந்த திருத்தப் பட்டியலின் கடைசிப் பத்தியில் இருந்தது. அதைப் பார்த்ததும் கணினியை அணைத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை பதினோரு மணிக்கு ஜெபராஜ் வந்தார். மேடம் வந்தார். கடைசியாகத் தண்டபாணி அண்ணன் வந்தார். அவரை அதற்கு முன் இரண்டு முறைதான் நேரில் பார்த்திருக்கிறேன். சலவைச் சட்டை போட்டிருந்தார். உரிம அட்டையைப் பாக்கெட்டிலிருந்து எடுத்து, மேசையின் விளிம்புக்கு நேராக வைத்தார்.

“இது என்ற பொண்ணக் கட்டிக்குடுத்த வருசம் வாங்குனதுங்க” என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

ஜெபராஜ் ஒரு தாளை நகர்த்தினார். “இங்க ஒண்ணு, கீழ ஒண்ணு. கையெழுத்துப் போடுங்க.”

“சார்” என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. அண்ணன் பேனாவை எடுத்துவிட்டார். “சார், நான் பார்க்கலை.”

மூவரும் திரும்பினார்கள்.

“எதைம்மா?”

“அந்த வரியை. பார்த்தேன்னு உங்ககிட்டச் சொன்னது பொய். பார்க்காமலே ஏற்பு அழுத்தினேன்.”

ஐந்து பைல்களையும் வரிசையாகத் திறந்து நேரத்தைக் காட்டினேன். என் குரல் எனக்கே யாருடையதோ மாதிரிக் கேட்டது. ஜெபராஜ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு ஒவ்வொன்றாகப் படித்தார்.

“அஞ்சு ஊர்ல ஒரே செகண்டா? மனுசன் எழுதினது இல்லையே இது. யார் எழுதினது?”

நான் மேடத்தைப் பார்க்கவில்லை. பயமாக இருந்தது. ஆனால் பதில் சொன்னது மேடம்தான்.

“எங்க சர்வர்ல இருக்கற துணைக்கைங்க. புதன்கிழமையே எனக்குத் தெரியும். மத்த நாலு பட்டறை அச்சாணி ஐநூத்தி நாப்பது எங்கெங்க போச்சுன்னு பட்டியல் எடுத்து வெச்சிருக்கறேன். இன்னிக்கே திரும்ப வாங்கச் சொல்லுங்க.” கைப்பையிலிருந்து தாள்களை எடுத்து வைத்தார். அவர் கண்களும் சிவந்திருந்தன.

ஜெபராஜ் யாரையோ போனில் கூப்பிட்டு, ஐநூற்று நாற்பது என்ற எண்ணை இரண்டு தரம் சொன்னார். அவர் சொல்லச் சொல்ல என் நெஞ்சிலிருந்து ஏதோ இறங்கியது. தண்டபாணி அண்ணன் பேனாவை மூடி வைத்துவிட்டு என்னைப் பார்த்துச் சிரித்தார்.

“பொழைச்சேன் அம்மிணி. ரசவாளிதான் காப்பாத்தும்னு நெனச்சேன், நீ காப்பாத்திட்டே.”

அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். போனை வைத்த ஜெபராஜ், துணைக்கை போட்ட எழுத்துகளையெல்லாம் காட்டச் சொல்லித் திரையைப் பார்த்தார்.

“பதினாலு ஆபரேட்டர் இருக்காங்க. இது எதுக்கு இவர் எழுத்தை மட்டும் பிடிச்சுக்கிச்சு?”

“தெரியலீங்களே” என்றார் மேடம்.

எனக்குத் தெரியும். சொல்லாமல் இருந்திருக்கலாம். அதிகாரிக்கு வேண்டியது ஏற்கெனவே கிடைத்துவிட்டது. ஆனால் அந்தக் கடைசிப் பத்தியை இனி ஒரு நாள்கூட என்னோடு வைத்துக்கொண்டிருக்க முடியாது என்று தோன்றியது. அதைத் திறந்தேன்.

“இது ஒவ்வொரு திருத்தத்தையும் நான் எவ்வளவு நேரம் பார்த்தேன்கிறது சார். மத்தவங்க எழுத்து வந்தா முப்பது விநாடி, நாப்பது விநாடி. நிறைய மறுத்திருப்பேன். டி.பி. வந்தா ஒரு விநாடி. ஒண்ணைக்கூட மறுத்ததில்லை.”

“ஏன்?”

“அண்ணன் தப்பா எழுத மாட்டாங்க.”

ஜெபராஜ் பேனாவால் தாளைத் தட்டினார். “அப்ப அது கத்துக்கிட்டது லேத்து வேலை இல்ல. நீ எதைப் பார்க்க மாட்டேங்கிறதைக் கத்துக்கிட்டிருக்கு.”

தண்டபாணி அண்ணன் எழுந்து திரைக்குப் பக்கத்தில் வந்தார். குனிந்து அந்தப் பத்தியைப் பார்த்தார். ஒன்று, ஒன்று, ஒன்று என்று மேலே போய்க்கொண்டே இருந்தது.

“இந்த நாலு மாசமாத்தானே இப்படி?”

“இல்லீங்ணா. மொதல்ல இருந்து.”

“அதுக்கு முந்தி நான் நெசமாலுமே எழுதி அனுப்புனது?”

“அதையும் பாக்குலீங்ணா.”

“ஒண்ணு கூடவா?”

“ஒண்ணு கூட.”

அவர் நிமிர்ந்தார். முகத்தில் கோபம் இல்லை. எதையோ கணக்குப் போடுகிற முகம்.

“போன வருசம் எனக்குக் கண்ணுல புரை இருந்துச்சு அம்மிணி. ஆபரேசன் பண்ற வரைக்கும் எட்டும் மூணும் ஒண்ணாத்தான் தெரியும். வெளிய சொன்னா அட்டையப் புடுங்கிருவாங்கன்னு ஆருகிட்டயும் சொல்லுல.” அதிகாரி முன்னால் இருக்கிறார் என்பதே அவருக்கு மறந்துவிட்டது போலிருந்தது. “எப்படியும் மேல்மாடி ஒருக்காப் பாத்துரும், தப்பா இருந்தா திருப்பி உட்ரும்னு நெனச்சுத்தான் எழுதுனேன். ஒண்ணுகூடத் திரும்பி வர்ல. செரியாத்தான் எழுதறோமாட்ட இருக்குதுன்னு நெனச்சேன்.”

கீழே கடையில் பலகை அறுக்கும் சத்தம் வந்தது.

“அந்த ஒரு வருசத்துல என்னென்ன கடைஞ்சீங்க?” என்று ஜெபராஜ் மெதுவாகக் கேட்டார்.

அண்ணன் திரையில் போன வருடத்துத் தேதிகளை விரலால் தொட்டுத் தொட்டுக் கீழே இறங்கினார். ஓரிடத்தில் விரல் நின்றது. நானும் பார்த்தேன். பிள்ளைகளின் முதுகெலும்புக்கு வைக்கும் திருகு. டி.பி. ஒரு விநாடி.

“இந்த அச்சாணி விஷயத்துல உங்க மேல குற்றம் இல்ல தண்டபாணி” என்றார் ஜெபராஜ். “அதை எழுதிக் கொடுத்துடறேன். மத்ததைப் பிறகு பார்ப்போம். அட்டையை எடுத்துக்கோங்க.”

அண்ணன் மேசையிலிருந்த அட்டையைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். நான் எழுந்து நின்று, “அண்ணா” என்றேன்.

அவர் வாசலில் கிடந்த செருப்பை மாட்டிக்கொண்டு படியிறங்கிப் போனார். அட்டை மேசையிலேயே இருந்தது.